இழுத்த நாணை இறக்குவது

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட உட்காரும் நேரத்தில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் அட்டையில் 135 டாலர் கழிந்திருக்கிறது. அரிசோனாவில் வேட்டைக்குப் போகிற யாரிடம் காட்டினாலும் அந்தத் தொகைக்கு அர்த்தம் சொல்லிவிடுவார்கள்: எல்க் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது. முடிவை அறிவிப்பதற்குச் சில நாள் முன்பே பணத்தைப் பிடித்துவிடுவது இங்கே வழக்கம். 17 வருஷம் ஒவ்வொரு மார்ச்சிலும் கழியாத கணக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தவன் நான். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன்.

எல்க் என்பது கடமானுக்கு உறவு, ஆனால் உருவத்தில் அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல் நிற்கும். கொம்பு வருஷா வருஷம் விழுந்து புதிதாக முளைக்கும். இந்த மாநிலத்தில் ஆதியில் இருந்த எல்க் இனத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுட்டு அழித்துவிட்டார்கள். இப்போது இருப்பவை வந்தேறிகள். 1913இல் யெல்லோஸ்டோனிலிருந்து 83 எல்க்குகளை ரயிலேற்றிக் கொண்டுவந்து செவலான் ஓடைப் பக்கம் அவிழ்த்துவிட்டார்கள். அந்த ஓடை ஓடுகிற காட்டுக்குத்தான் எனக்கு அனுமதி. நாங்கள் 'ரிம்' என்று சொல்கிற மொகொயோன் விளிம்பின் மேலே, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பாண்டரோசா பைன் மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். வெயில் ஏறினால் அவற்றின் பட்டையில் வெனிலா மணம் எழும். 83 எல்க்குகளிலிருந்து இன்று குலுக்கல் போட்டுக் கொடுக்கிற அளவுக்கு ஒரு கூட்டம் பெருகியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்தக் கூட்டத்தைக் காக்கும் பொறுப்பில் ஒரு துளி என் தோளிலும் இருக்கிறது.

விண்ணப்பம் விழாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு போனஸ் புள்ளி சேரும். புள்ளி கூடக் கூட வாய்ப்பும் கூடும். அனுமதிச் சீட்டுகளில் 20 சதவீதம், அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கே முதலில் போகும். வேறு பருவம், வேறு காடு கேட்டிருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: செப்டம்பர், வில், ஆண் எல்க். அந்த மாதத்தில்தான் ஆண்கள் எக்காளமிடும். மெல்லிய சீழ்க்கையாகத் தொடங்கி, உச்சத்துக்கு ஏறி, கடைசியில் உறுமலாக உடையும் அந்தக் குரலை விடியற்காலை இருட்டில் கேட்டவர்கள் வேறு மாதத்துக்கு மனசை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

இத்தனை வருஷக் காத்திருப்பில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மற்றவர்கள் இதைப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. 17 வருஷமும் நாணில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எதிரே எல்க் நிற்கும்போது, 'இதை விட்டால் இனி எப்போது?' என்று அது காதில் ஓதும். எய்யக்கூடாத இடத்தில் கை எய்துவிடும்.

எனக்கு அது நடந்திருக்கிறது. இந்த 17 வருஷத்துக்கும் முந்தைய சீட்டு ஒரு பெட்டைக்கு. 52 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. பின்னிரவிலிருந்து அலைந்து, ஒன்பது நாளில் முதல் முறையாக அவ்வளவு கிட்டத்தில் வந்திருந்தேன். அந்தத் தூரத்துக்கு அம்பு போய்ச் சேர அரை விநாடிக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும். அரை விநாடியில் எல்க் ஓர் அடி எடுத்து வைக்கும். வைத்தது. நுரையீரலில் இறங்கவேண்டிய அம்பு வயிற்றில் இறங்கியது. வயிற்றில் பட்டதைத் தொடரவே கூடாது. குறைந்தது எட்டு மணி நேரம், முடிந்தால் விடியும்வரை விட்டுவைக்க வேண்டும். அருகில் எங்காவது படுத்து அங்கேயே அடங்கும். எனக்குத் தெரியும். பத்து வயதில் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். இருந்தும் அரை மணி நேரத்தில் எழுந்து போனேன். படுத்திருந்தது என் காலடிச் சத்தத்தில் எழுந்து பள்ளத்தாக்கில் இறங்கிப் போயிற்று. ராத்திரி மழை. காலையில் ரத்தத் தடம் இல்லை. மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை. மிச்சமிருந்த நாட்களுக்கு வில்லைத் தொடவில்லை. என் கணக்கில் அந்தச் சீட்டு தீர்ந்துபோனது.

ஆகவே இந்த முறை தயாரிப்பு என்று நான் செய்வதில் பெரும்பகுதி, எய்யாமல் இருக்கப் பழகுவது.

மற்றதெல்லாம் உண்டு. வயது 58. ஏப்ரலிலிருந்து முதுகுப்பையில் 25 கிலோ மணல் மூட்டையோடு மலையேறுகிறேன். எலும்போடு ஒரு பின்தொடை அதைவிடக் கனக்கும். அப்படி நாலு கால், முதுகுத்தண்டை ஒட்டிய சதை, கழுத்து என்று ஐந்தாறு நடை சுமந்தாக வேண்டும். செப்டம்பர் மத்தியானம் அங்கே நன்றாகவே வெயிலடிக்கும். தோலை உடனே உரித்து, தொடையைப் பிரித்து, துணிப்பையில் போட்டு நிழலில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். இடுப்பு மூட்டைச் சுற்றித்தான் சூடு நெடுநேரம் அடைந்திருக்கும். கறி முதலில் அங்கிருந்துதான் கெடும். துணிப்பைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டதால் காட்டைப் படிப்பதும் மாறிப்போனது. வறண்ட வருஷமென்றால் மாட்டுக்காக வெட்டிய குட்டைகளில் காத்திருக்கலாம். இந்த வருஷம் பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர் நிற்கிறது. குட்டைக்கரையில் உட்கார்வது வீண். நடந்துதான் தேட வேண்டும். முன்பெல்லாம் குட்டைக்குக் குட்டை கேமரா கட்டிவைத்து வீட்டிலிருந்தே கணக்கெடுப்பார்கள். 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மாநிலம் தடை போட்டது. நல்ல சட்டம் என்பேன். காலால் அறிந்த காடு மனசில் நிற்கும்.

காற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். சட்டைப்பையில் மாவு நிரப்பிய சின்னக் குப்பி இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பேன். விடியலில் குளிர்ந்த காற்று தண்ணீர் போலவே பள்ளத்தில் வழிந்து இறங்கும். வெயில் சரிவில் விழுந்து கொஞ்ச நேரத்தில் தயங்கும், சுழலும், பிறகு மேல்நோக்கித் திரும்பும். அந்தத் தயங்கும் நேரத்தில் எல்க்கை நெருங்கினால் உங்கள் வாசனை எந்தத் திசைக்கும் போகும். அப்போது மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். கண்ணையும் காதையும் ஏமாற்றிவிடலாம், மூக்கை ஏமாற்ற முடியாது.

வில்லுக்கு வருகிறேன். என்னுடையது 65 பவுண்டு காம்பவுண்ட் வில். முழுதாக இழுத்ததும் சக்கரம் உருண்டு, கையில் தாங்கும் கனம் 13 பவுண்டாகக் குறைந்துவிடும். அதனால் இழுத்துப் பிடித்து நிற்பது அவ்வளவு கஷ்டமில்லை. எய்யாமல் திரும்ப இறக்குவதுதான் கஷ்டம். சக்கரம் பின்னோக்கி உருளும் அந்த நொடியில் 65 பவுண்டும் ஒரேயடியாகக் கையைப் பிடித்து முன்னால் வெட்டி இழுக்கும். தோள் குலுங்கும், வில் ஆடும், எல்க் பார்த்துவிடும். இப்படி இறக்கத் தெரியாததால் எய்துவிடுகிறவர்கள் பலர். அன்று நானும் ஒருவன். பெட்டை அசையப்போகிறது என்று காது மடிந்த விதத்திலேயே தெரிந்தது. இறக்கத் துணிவில்லை.

ஆகவே தினமும் சாயங்காலம் கொல்லையில் நுரைரப்பர் எல்க் பொம்மைக்கு 35 கஜத்தில் நிற்கிறேன். அதற்கு மேல் எய்வதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டது. என் மகள் பின்னால் நிற்பாள். நான் இழுத்ததும், 'நிற்குது' என்றால் எய்ய வேண்டும். 'நகருது' என்றால் மெதுவாக இறக்க வேண்டும். எது வரும் என்று எனக்குத் தெரியாது. பத்தில் ஏழு 'நகருது' சொல்வாள். ஏப்ரலில் ஒவ்வொரு முறையும் தோள் குலுங்கியது. ஆகஸ்டில், முழங்கையை விலாவோடு ஒட்டிக் கீழே கொண்டுவந்து, சக்கரம் உருளும் இடத்தில் மூச்சை நிறுத்தி, நாணை வழியனுப்புகிற மாதிரி கொண்டுபோய் விடப் பழகிவிட்டேன்.

நேற்று கடைசி நாள். வண்டியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. இழுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். குறிமுள் பொம்மையின் தோளுக்குப் பின்னால் நின்று, பிறகு மிதக்க ஆரம்பித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. மெதுவாக இறக்கினேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலையேப்பா."

"கை ஆடுச்சும்மா."

"சரி, இன்னொரு தடவை" என்றாள்.

அம்பை நாணில் பூட்டினேன்.