வரவேற்புரையில் நான் எழுதிய ஒரு சொல்



பல ஆண்டுகளுக்கு முன்பு, வட சிலாங்கூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு மக்கள் பிரதிநிதி ஒருவர் சிறப்பு வருகை தருவதாக இருந்தது. மாலை, பொன்னாடை, கோலாட்டம் என வழக்கமான ஏற்பாடுகள் அனைத்தும் நடந்தன. மாணவர் படிக்க வேண்டிய வரவேற்புரையை எழுதும் பொறுப்பும் வழக்கம்போல் என்னிடமே வந்தது. "வாரி வழங்கும் வள்ளலே" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்து மனனம் செய்ய வைத்தேன்.

ஒத்திகையின்போது, மேடையில் சாய்த்து வைத்திருந்த பெரிய அட்டைக் காசோலையை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"டீச்சர், இது அவரு சொந்தக் காசா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? ஒழுங்கா மனப்பாடம் பண்ணு" என்றேன்.

அவன் ஒழுங்காகவே மனப்பாடம் செய்தான். விழாவில் பலத்த கைதட்டலும் பெற்றான். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. கேள்வி கேட்கும்படி மாணவர்களை ஊக்குவிக்க வேண்டிய நானே, நியாயமான ஒரு கேள்வியை வாயடைத்து அனுப்பிவிட்டேனே! அதுமட்டுமன்று, பொய்யான ஒரு சொல்லையும் அவன் வாயில் வைத்துவிட்டேன். அரசாங்க ஒதுக்கீடு என்பது பொதுப்பணம். அவனுடைய தந்தை கடையில் வாங்கும் பொருளுக்குச் செலுத்தும் வரியும் அதில் அடக்கம். அப்படியிருக்க, வள்ளல் யார்?

'வள்ளல்' என்னும் அச்சொல் என் பேனாவுக்குள் எப்படி வந்தது என்று பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயருக்கு 'உடைந்த அணை' என்பது பொருள். 1883-ஆம் ஆண்டில் இங்கிருந்த அணை உடைந்து பழைய கோலகுபு நகரத்தை வெள்ளம் சூழ்ந்தது. மாவட்ட நிர்வாகப் பொறுப்பிலிருந்த சிசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயரும் அவ்வெள்ளத்தில் மாண்டார். அவரை இவ்வூர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பின்னர்த் தோட்டங்கள் வந்தன. அங்கே ஆட்சி செலுத்திய துரையையும் கிராணியையும் கங்காணியையும் நம் முன்னோர் தேர்ந்தெடுக்கவில்லை. கேட்டால் துரை தருவார். தராவிட்டால் எதிர்த்துக் கேட்க வழியில்லை. மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் 1955-இல் நடந்தபோதும், வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தனர். எனவே, வாக்குரிமையைப் பெறுவதற்கு முன்பே கைகட்டி நின்று கேட்கும் பழக்கம் நமக்கு வேரூன்றிவிட்டது. துரை போனார், அவருடைய நாற்காலியில் நாமே நம் பிரதிநிதியை அமர்த்தி வைத்தோம். வள்ளல் என்னும் சொல் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால், நம் கையிலிருக்கும் வலிமை என்ன என்பதை எண்கள் சொல்கின்றன. உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் 1990 முதல் உறுப்பினராக இருந்த ம.இ.கா.வின் ஜி. பழனிவேல், 2008-இல் மக்கள் நீதிக் கட்சியின் டாக்டர் சைனல் அபிடினிடம் தோற்றார். வித்தியாசம் வெறும் 198 வாக்குகள்! ஒரு நடுத்தரத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு வருவோரின் எண்ணிக்கை அது. டாக்டர் சைனல் மறைந்ததையடுத்து, 2010 ஏப்ரல் 25-இல் நடந்த இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் பி. கமலநாதன் 1,725 வாக்குகளில் வென்றார். மீண்டும் 2018-இல் ஒரு மாற்றம், 2022-இல் இன்னொரு மாற்றம். இத்தொகுதி யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்படவில்லை.

அந்த 2010 பிரசாரத்தின்போது, தம் வேட்பாளர் வென்றால் ராசா சீனப்பள்ளிக்கு 30 இலட்சம் ரிங்கிட் கிடைக்கும் என்று அன்றைய பிரதமர் நஜிப் வாக்குறுதி அளித்தார். ஒரு பள்ளிக்குக் கட்டடம் தேவையென்றால், யார் வென்றாலும் அது தேவைதானே? தேர்தல் முடிவைப் பொறுத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை மாறிவிடுமா?

2024 மே 11-இல் கோலகுபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தது. இந்திய வாக்காளர்களின் கையில்தான் முடிவு இருக்கிறது என்று அப்போது நாளேடுகள் எழுதின. தலைவர்கள் தோட்டந்தோட்டமாக வந்தார்கள். நெடுங்காலமாகச் சொந்த வீட்டுக்காகக் காத்திருக்கும் ஐந்து தோட்டத்து மக்களின் பிரச்சினையும் மீண்டும் செய்தியாயிற்று. ஜனநாயக செயல் கட்சியின் பாங் சோக் தாவ் 3,869 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பதிவு பெற்ற 40,226 வாக்காளர்களில் வாக்களித்தவர்கள் 61.51 விழுக்காட்டினர். ஏறக்குறைய 15,000 பேர் வரவில்லை. "யாருக்குப் போட்டா என்ன டீச்சர், நம்ம பொழப்பு மாறவா போவுது?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் சொன்னார். அவர் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும், வள்ளல் தராவிட்டால் ஒதுங்கிப் போவதும், தந்தால் காலில் விழுவதும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள் அல்லவா?

அமெரிக்காவின் நாட்டுப்புறக் 'கவுண்டி'களில் காவல் தலைவரான ஷெரீப், பள்ளி வாரிய உறுப்பினர் போன்றோரைப் பெரும்பாலும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கேயும் குறைகள் உண்டு. போட்டியே இல்லாமல் வெல்வோரும் உண்டு. என்றாலும் எந்த வேலைக்கு யாரைக் கேட்பது என்பது வாக்காளருக்குத் தெரியும். நம் நாட்டில் 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நம் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்களே. ஆகவே, கால்வாய் அடைத்தாலும், பள்ளிக் கூரை ஒழுகினாலும், நிலப்பட்டா தாமதமானாலும் நாம் வாக்களித்த ஓரிருவரைத் தேடியே ஓடுகிறோம். உண்மையில் கல்வி கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநில அரசின் அதிகாரம். குப்பையும் கால்வாயும் ஊராட்சி மன்றத்தின் வேலை. இதைத் தெரிந்துகொண்டால், யாரிடம் எதை எப்படிக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். அப்போது கெஞ்ச வேண்டியதில்லை. சீற வேண்டியதும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே பள்ளியில் மற்றொரு விழா வந்தது. இம்முறை வரவேற்புரையைப் படிக்க வந்தவள் அந்தப் பையனின் தங்கை. நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்களையே எழுதச் சொன்னேன். "எங்கள் பெற்றோர் உட்பட மக்கள் அனைவரின் வரிப்பணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு உரிய பங்கைப் பெற்றுத் தந்த தங்களுக்கு நன்றி. கழிவறைக் கதவுகளைச் சரிசெய்ய யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் கூறினால் மகிழ்வோம்" என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். வந்த விருந்தினரோ சிரித்துக்கொண்டே உதவியாளரை அழைத்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மரியாதை சிறிதும் குறையவில்லை.

2019-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். இன்று நம் ஆறாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு வாக்குச்சீட்டு கிடைக்க இன்னும் ஆறே ஆண்டுகள்! அதற்குள் நாம் அவர்களுக்கு எதைக் கற்றுத்தரப் போகிறோம்?

அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான். அண்மையில் அவனைச் சந்தித்தபோது, அன்று பதில் சொல்லாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. இருந்தாலும் விடையைச் சொல்லிவிட்டேன்.

"இல்லப்பா. அது அவரு காசு இல்ல. நம்ம காசு."

அடுத்த விழாவுக்கு வரவேற்புரை எழுத அமரும் ஆசிரிய நண்பர்கள் இதைச் சற்று நினைவில் கொள்ளுங்கள்.