அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி

காந்திபுரம் டீக்கடையில ஒரு தம்பி போன்ல பிளாட் படம் காட்டினாப்ல.
மரக்காணம் பக்கம். கடல் நடக்கற தூரமாம்.

"சர்வேயரை வெச்சு அளந்தாச்சா?"
"பட்டா இருக்குதுங்கண்ணா, அப்புறம் எதுக்குங்க?"

மனசு கேக்கல, எழுதறேன்.

பட்டா யார் பேர்ல நிலம்னு சொல்லும்.
எல்லை எங்கேன்னு மண்ணுல காட்டாது.
எஃப்.எம்.பி.ங்கற நில அளவை வரைபடத்தோட ஒருத்தர் நேர்ல போய் அளக்கோணும்.
நம்ம பக்கம் எல்லைக்கல் நட்ட இடத்துல நிக்கும். கடலோரத்துல மணல் நகரும், கரை அரிக்கும், கல்லே புதைஞ்சு போயிரும்.

அதைவிடப் பெருசு, உயர் ஓதக் கோடு, அதாவது கடல் ஏத்தத்துல தண்ணி வந்து தொடற எல்லை.
2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி கிராமத்துக் கடற்கரையில அந்தக் கோட்டுல இருந்து 200 மீட்டருக்குள்ள புது வீடு கட்டறது பெரும்பாலும் நடக்காது. மக்கள் நெருக்கமா இருக்கற ஊர்களுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராக் குறைச்சுது.
கோடு எங்கன்னு அலையைப் பாத்துச் சொல்ல முடியாதுங்க. அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் மாதிரி அங்கீகாரம் உள்ளவங்க குறிச்சுத் தரோணும்.

தம்பி போடற அட்வான்ஸ் வருசக்கணக்கா மில் சம்பளத்துல சேத்த காசு.

மரக்காணம் பக்கம் உரிமம் வாங்கின நல்ல சர்வேயர் யாராச்சும் தெரியுங்களா?
தம்பி திங்கக்கிழமை பணம் கட்டறாப்ல.