இரண்டு கேமராக்களுக்கு நடுவே



சாலையோரத்தில் வேகக் கேமராவைக் கண்டால் ஓட்டுநர்கள் செய்வது என்னவென்று நீங்கள் அறிவீர்கள். அருகில் வந்ததும் பிரேக்கை மிதிக்கிறார்கள். கடந்தவுடன் மறுபடியும் விரைகிறார்கள். அந்தக் கேமரா அறிவது ஒரு கணத்தை மாத்திரமே. ஆகவே அந்த ஒரு கணத்துக்கு மாத்திரமே கீழ்ப்படிகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் டன்பிளேனிலிருந்து இன்வர்னெஸ் வரைக்கும் ஏ9 நெடுஞ்சாலையில் 2014ஆம் ஆண்டு அக்டோபரில் வேறுவிதமான கேமராக்கள் இயங்கத் தொடங்கின. முதல் கேமரா வாகனத்தின் எண்ணையும் அது கடந்த நேரத்தையும் பதிவு செய்கிறது. தொலைவில் நிற்கும் அடுத்த கேமராவும் அவ்வாறே செய்கிறது. இடைப்பட்ட தூரத்தை, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வெளிப்படும். ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 மைல் வேக வரம்பு உள்ள சாலையில் 6 மைல் செல்ல 6 நிமிடம் வேண்டும். ஒருவர் அதை 5 நிமிடத்தில் கடந்தால், அவருடைய சராசரி வேகம் 72 மைல். இரண்டு கேமராக்களுக்கு முன்பும் அவர் பணிவாகச் சென்றிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இவற்றுக்கு அங்கே எதிர்ப்பு எழும்பாமல் இல்லை. வேகமாய்ச் சென்றுவிட்டு நடுவழியில் நிறுத்தி இளைப்பாறினால் தப்பிக்கலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. தப்பிக்கலாம்தான், ஆனால் விரைந்து சேமித்த நேரம் அங்கேயே செலவாகிவிடும். ஆகையால் பெரும்பாலோர் ஒரே சீராக ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். பிரிட்டனில் இத்தகைய கேமராக்கள் உள்ள சாலைகளை ஆராய்ந்து, ஆர்ஏசி அறக்கட்டளை 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மரணமும் படுகாயமும் விளைவிக்கும் விபத்துகள் அங்கே ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்ததாக அது கூறுகிறது.

அருமையானவர்களே, மேலே சொன்ன ஓட்டுநர் மிச்சப்படுத்தியது ஒரே ஒரு நிமிடம். ஆனால் 60 மைலிலிருந்து 72 மைலுக்கு வேகம் உயரும்போது, மோதலின் ஆற்றல் 44 சதவீதம் அதிகரிக்கிறது. சாலை விபத்தில் பிள்ளையை இழந்த வீட்டில் நான் அமர்ந்திருக்கிறேன். ஒரு நிமிடம் முந்திச் செல்வதன் ஆதாயத்தை அந்தத் தாயின் முன்னிலையில் எவராலும் சொல்ல இயலாது.

கேமரா நிற்கும் இடத்தில் மாத்திரம் மனிதர்கள் சாலையைக் கடப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், கைத்தடியோடு நடக்கும் முதியோர் ஆகியோர் பெரும்பாலும் நடுவிலுள்ள தூரத்திலேயே நம்மைச் சந்திக்கிறார்கள். அந்தத் தூரத்தில் நாம் எப்படி ஓட்டுகிறோம் என்பதே அவர்களுக்கு ஜீவனா மரணமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆதலால், நீங்கள் செல்லும் சாலையில் கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாரம் சாவியைக் கையில் எடுக்கும்போது ஒரு தீர்மானம் செய்யுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். வழி முழுவதும் ஒரே நிதானத்தோடு செல்லுங்கள். உங்களுக்காக ஒரு வீட்டில் காத்திருப்பதுபோல, எதிரே வருகிறவருக்காகவும் ஒரு வீட்டில் காத்திருக்கிறார்கள்.