சிபு தீவில் ஒரு காட்டு வழி

உங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவரானால், கஹாங், ஜெமாலுவாங் வழியாகத் தஞ்சோங் லெமான் படகுத்துறைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க என் தாயாருக்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

காரணம் பயம். என் பாட்டி 1937-இல் நாகப்பட்டினத்தில் கைக்குழந்தையோடு கப்பலேறியவர். பினாங்கில் இறங்கியபோது கையில் குழந்தை இல்லை. நடுக்கடலில் காய்ச்சல் கண்டு இறந்த பிள்ளையைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். பின்னாளில் பிறந்த அம்மாவிடம், "கடல் பக்கம் மட்டும் போகாதே" என்று சொல்லிச் சொல்லியே பாட்டி வளர்த்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அம்மா அந்தச் சொல்லை மீறியதே இல்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் கெஞ்சியதால் ஒருவாறு இணங்கினார். படகு புறப்பட்டதும் மூடிய கண்ணை, சிபு தீவின் மணலில் கால் வைத்த பிறகுதான் திறந்தார்.

சிபு, மெர்சிங் மாவட்டத்தைச் சேர்ந்த சிறு தீவு. நீளம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர் அளவே. சுற்றியுள்ள கடல் 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கவோ பவளம் எடுக்கவோ கூடாது. ஆழமில்லாத இடங்களில் கடற்புல் மேயும் கடல்பசுக்கள் இங்கு உண்டு. இதே உயிரினத்தைக் காக்கத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. எங்கள் கண்ணில் அன்று ஒன்றும் படவில்லை.

மணற்கரை முடியும் இடத்தில் பாறைகள். கடல் வற்றியிருக்கும்போது பாறையோரமாகவே அடுத்த கரைக்குப் போய்விடலாம். கடல் ஏறிவிட்டால் காட்டு வழிதான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்லும் நான், கடல் ஏறும் நேரத்தை விசாரிக்காமல் குடும்பத்தைப் பாறை வழியே அழைத்துச் சென்றேன். திரும்பலாம் என்றபோது, வந்த வழியில் முழங்கால் அளவு தண்ணீர். சின்னவள் அழத் தொடங்கினாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

மேலே மரங்களுக்கிடையில் ஒற்றையடிப் பாதை தெரிந்தது. அதைக் கண்டதும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எல்லாரும் என் பின்னால வாங்க. வேரு மேல கால் வைக்காதீங்க, வழுக்கும்."

விடியாத இருட்டில் நிரை பிடித்து நடந்து பழகிய கால்கள் அல்லவா! கொடியை விலக்கியும் கிளையைப் பிடித்துக் கொடுத்தும் எங்களை நடத்திச் சென்றார். ஓர் உடும்பு குறுக்கே போனது. அம்மா நின்று வழிவிட்டார். பாதி வழியில் திரும்பி, "இதையெல்லாம் யார் தம்பி நட்டது? வரிசையே இல்லையே!" என்றார்.

யாரும் நடவில்லை என்றேன். புன்னை, தாழை, நாட்டு வாதுமை ஆகியவற்றின் காய்கள் நீரில் மிதக்கக்கூடியவை. அலை ஒதுக்கிய கரையில் வேர்விட்டு வளர்பவை. தாழையும் புன்னையும் நாகப்பட்டினக் கரையிலும் உண்டு, பாட்டி பார்த்திருப்பார். அம்மா ஒரு புன்னையின் அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். கத்தி படாத பட்டை.

அரை மணி நேரத்தில் படகு நின்ற கரைக்கு வந்துவிட்டோம். பாதையில் உதிர்ந்து கிடந்த புன்னைப் பூக்களை அம்மா முந்தானையில் கட்டி வந்திருந்தார். "பாட்டி வந்த கப்பல் இந்தப் பக்கம் வரலைம்மா, அது மலாக்கா நீரிணை" என்றேன்.

"தண்ணி எல்லாம் ஒண்ணுதானேப்பா" என்றவர், கணுக்கால் நனைய இறங்கிப் பூக்களை விட்டார். தம் பெயர் தெரியாத அக்காளுக்காக என்று பிறகுதான் சொன்னார். திரும்பும் படகில் கண்ணை மூடவில்லை.

வாசகர்களே, நீங்களும் போய் வாருங்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். வழுக்காத காலணியும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். கடல் ஏறும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்ட பிறகே பாறைப் பக்கம் போங்கள். சிப்பியோ பவளமோ எடுத்து வராதீர்கள். குப்பையை விட்டும் வராதீர்கள்.

முக்கியமாக, வீட்டில் உள்ள பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வழி தெரிந்தவர்கள் அவர்கள்தான்.