எங்கும் ஓடும் என்ற வாக்கு

ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்பது, ஜாவா மொழியை 1995-இல் அறிமுகப்படுத்திய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உலகுக்கு அளித்த வாக்கு. இலக்கியம் பயின்றவனுக்கு 'எங்கும்' போன்ற சொற்களைக் கண்டால் இயல்பாகவே ஓர் ஐயம் எழும். எங்கும் என்றால் எதுவரை?

என் வீட்டுக் கணினியில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் மரபில் கிளைத்து, 1993-இல் முதல் வெளியீடு கண்ட இயங்குதளம்; புழங்குவோர் குறைவு. அதில் ஜாவா வந்து சேர்ந்த கதையைத் தேடிப் படித்தபோதுதான் அந்த 'எங்கும்' எத்தனை பேருடைய உழைப்பு என்பது விளங்கியது.

ஜாவாவில் எழுதிய நிரல் முதலில் பைட்கோடு என்னும் இடைமொழியாகிறது. அதை ஒரு மெய்நிகர் இயந்திரம் வாசித்து இயக்குகிறது. இடைமொழி எல்லா ஊருக்கும் பொது, இயந்திரம் அப்படியன்று. நினைவகத்தைக் கேட்டுப் பெறுவது, பல இழைகளை ஒருங்கே நடத்துவது போன்றவற்றில் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆகவே நிரல் போகுமிடமெல்லாம் யாரோ ஒருவர் முன்னதாகவே போய் வீடு கட்டி வைத்திருக்க வேண்டும். சோலாரிஸ், விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றுக்குச் சன் கட்டியது. ஃப்ரீபிஎஸ்டிக்குத் தன்னார்வலர்கள் கட்டினார்கள்.

தடைகள் இரண்டு. மூலநிரலைப் பெறலாம், ஆனால் திருத்திக் கட்டியதை விருப்பம்போல் பிறருக்கு வழங்க உரிமம் இடம் தரவில்லை. எனவே பயனர் ஒவ்வொருவரும் உரிமத்தை ஏற்று, மூலநிரலையும் ஒட்டுத் திருத்தங்களையும் தனித்தனியே இறக்கி, மணிக்கணக்கில் தம் கணினியிலேயே தொகுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது விசித்திரமானது: ஜாவாவின் கம்பைலர் ஜாவாவிலேயே எழுதப்பட்டது. ஜாவாவைக் கட்ட ஜாவா வேண்டும்! லினக்ஸ் நிரல்களை இயக்கவல்ல ஓர் இணக்க அடுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் உண்டு. லினக்ஸுக்கான ஜாவாவை அதன்மேல் ஓடவிட்டு, அதைக் கொண்டு சொந்த ஜாவாவைக் கட்டினார்கள். ருஷ்ய நாவல்கள் பல ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்ததை நினைத்துக்கொண்டேன்.

2000-இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளை, சன்னிடம் உரிமம் பெற்று, டயப்ளோ என்ற பெயரில் ஜாவா 1.5-ஐ 2006 ஏப்ரலில் முறைப்படி வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சன் தன் ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் திறந்துவிடத் தொடங்கியது, ஓபன்ஜேடிகே பிறந்தது. இன்று ஃப்ரீபிஎஸ்டியில் ஜாவா வேண்டுமானால் ஒற்றைக் கட்டளை போதும்.

என்னை மிகவும் நெகிழ வைத்தது வேறொன்று. 2007-இல் ஜாவா 6-ஐ மேக் கணினிக்குக் கொண்டுசென்ற சாய்லாட்டே, இந்தத் தன்னார்வலர்களின் ஒட்டுத் திருத்தங்கள்மீதே எழுந்தது. இன்றும் ஓபன்ஜேடிகேயின் மூலநிரலில் மேக் பயன்படுத்தும் ஒரு பகுதி, 'பிஎஸ்டி' என்று பெயரிட்ட கோப்புறைக்குள்தான் இருக்கிறது. சிறுபான்மையோர் தமக்கெனப் போட்ட ஒற்றையடிப் பாதையில் பிறகு பெருங்கூட்டம் நடந்து போயிருக்கிறது.

பெரும்பாலோர் புழங்குவதையே நீங்களும் புழங்கினால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு அந்தக் கோப்புறையின் பெயரைக் காட்டுகிறேன்.