115 குதிரையும் ஒரு மாவு மில்லும்

எங்கள் அம்பத்தூர் வீட்டு வாசலில் நிற்கும் கார் திருவள்ளூரில் பிறந்தது. மிட்சுபிஷி லான்ஸர் செடியா. 2006-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வண்டி. இரண்டு லிட்டர் எஞ்சின், 115 குதிரை சக்தி. ரேலிக்காரர்களின் செல்லப் பிள்ளை. புதுசாக வாங்க அப்போது எனக்கு வக்கில்லை. பிற்பாடு நான் வாங்கியது மூன்றாவது கை. என் மனைவி அதை 'அந்தப் பழைய வண்டி' என்பாள். நான் 'செடியா' என்பேன். மற்றபடி குடும்பத்தில் கருத்து வேற்றுமை இல்லை.

இத்தனை குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு நான் போவது எங்கே? வீட்டிலிருந்து எஸ்டேட்டில் இருக்கும் ஆபீசுக்கு. நாலு கிலோமீட்டர். முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் தண்ணீர் லாரி. 115 குதிரையும் முதல் கியரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? "கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராமை மாத்தி, ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாத்திட்டா பத்துப் பன்னிரண்டு குதிரை கூடும் சார்" என்று ஒரு ஷெட்டில் பையன் ஒருவன் சொன்னான். தீபாவளி போனஸ் அங்கே போய்ச் சேர்ந்தது. வீட்டில் "சர்வீஸ்" என்று சொல்லிவைத்தேன்.

போன ஆடி அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினோம். மனைவி பக்கத்தில், மகள் பின்னால். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் எல்லாம் தாண்டி வேப்பம்பட்டு அருகில் முன்னால் ஒரு டேங்கர் லாரி ஊர்ந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். 'செடியாவாச்சே!' என்று வலப்பக்கம் ஏறி, நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தேன்.

எஞ்சின் 'ஓ'வென்று அலறியது. ஆர்.பி.எம். முள் எகிறியது. வண்டி மட்டும் போகவில்லை! டேங்கருக்குப் பக்கத்திலேயே அண்ணன் தம்பி மாதிரி போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்து, டேங்கரின் பின்னால் எப்படி ஒண்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். வண்டிக்குள் ஒரு கருகல் நாற்றம். மனைவி ஒன்றும் பேசவில்லை. மகள் மட்டும், "அப்பா, இன்னொரு தடவை" என்றாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடி டாங்க் ஃபாக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். 1965-ல் விஜயந்தா டாங்கோடு ஆரம்பித்த ஃபாக்டரி அது. இவர் வேலை பார்த்தது பிறகு வந்த டி-72-ல். வீட்டில் சொல்ல முடியாததை அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கிளட்ச் வழுக்குது தம்பி" என்றார் உடனே. "எஞ்சினோட சுத்துற தட்டை இன்னொரு தட்டு ஸ்பிரிங் பலத்துல கவ்விப் பிடிக்குது. அவ்வளவுதான் கிளட்ச். அந்தப் பிடிக்கு ஒரு அளவு உண்டு. எஞ்சின் அதுக்கு மேல முறுக்கினா நழுவும். நழுவினா சூடாகும், சூடானா இன்னும் நழுவும். பழைய கிளட்ச், தேஞ்சு போயிருக்கும். நீ எஞ்சினுக்குக் குதிரை கூட்டினியே, கிளட்சை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"டி-72-க்கு 780 குதிரை. எடை 41 டன். எஞ்சின் ஒண்ணுதான், ஆனா கியர்பாக்ஸ் ரெண்டு. பக்கத்துக்கு ஒண்ணு. எஞ்சின் சத்தம் போடறது பெரிசில்லை தம்பி. அந்தப் பலம் சக்கரம் வரைக்கும் பத்திரமா போய்ச் சேரணும். அதுதான் வித்தை."

ஷெட்டில் விசாரித்தேன். அழுத்தமான பிரஷர் பிளேட், செராமிக் தட்டு. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியும் சேர்த்து 45,000 ரூபாய். பெரியவர் கணக்கை நீட்டினார். "சரி, கிளட்ச் பிடிச்சுக்கும். அந்த முறுக்கு அடுத்தது கியர்பாக்ஸுக்குப் போகும். அப்புறம் ஆக்சிலுக்கு. கடைசியில டயர் வழுக்கும். பாடி சிக்னல்ல அந்தக் கிளட்சை மிதிச்சு மிதிச்சு உன் இடது காலும் போயிடும்!"

45,000-க்கு என்னிடம் வழியில்லை. மனைவியின் சீட்டுப் பணம்தான் இருந்தது. அதைக் கேட்க வேண்டுமானால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனஸிலிருந்து பஸ் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எஞ்சின் கத்துச்சு, வண்டி நகரலை. பூந்தமல்லியில எங்கப்பா மாவு மில் வச்சிருந்தாரே, மறந்துட்டீங்களா? பெல்ட் வழுக்கினா மோட்டார் இப்படித்தான் கத்தும், கல்லு நிக்கும். நாத்தமும் இதே நாத்தம்தான். நீங்களா சொல்றீங்களான்னு மூணு நாளா பார்த்துட்டிருந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் மட்டும்தான் வழுக்கல் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பா என்ன பண்ணுவார்? பெல்ட்டை இழுத்துக் கட்டுவாரா?" என்றேன் மெதுவாக.

"ரொம்ப இழுத்துக் கட்டினா பேரிங் போயிடும்னு சொல்வார். புது பெல்ட் போடுவார். அதுவரைக்கும் அரிசியைக் குறைச்சுப் போடுவார். நீங்க ஏன் குறைச்சுப் போடலை?"

41 டன் டாங்க்குக்கு ஆன அதே பாடம், ஒரு மரக்கால் அரிசியில் முடிந்துவிட்டது!

கம்பெனியில் முதலில் வந்த அளவிலேயே ஒரு புது கிளட்ச் போட்டேன். ப்ரோக்ராமைப் பழையபடி மாற்றச் சொன்னேன். சைலன்சரும் பழையதே. சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். மறுபடி வீரராகவரைச் சேவிக்கப் போனபோது அதே வேப்பம்பட்டில் அதே மாதிரி ஒரு டேங்கர். எதிரே ரோடு காலியாகும்வரை பொறுத்திருந்து தாண்டினேன். மிதித்த அளவுக்கு வண்டி போயிற்று. பலம் முழுக்கச் சக்கரத்துக்குப் போகிற அந்த உணர்ச்சி இருக்கிறதே, அது பன்னிரண்டு குதிரை கூட்டினபோதுகூட வரவில்லை.

ஒரே ஒரு கஷ்டம். இப்போதெல்லாம் முள் கொஞ்சம் ஏறினாலே பக்கத்து சீட்டிலிருந்து குரல் வருகிறது: "ஏங்க, அரிசி!"