ஜமீனுக்குச் சேவகம்!

எங்க வீட்டு பெர்சியன் பூனையோட பேரு ஜமீன். ஒரு வேலையும் செய்யாம, அடுத்தவங்க சேவகத்துலயே வாழறதால வெச்ச பேரு! சித்தி துபாய்க்குப் போறப்ப எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. கறுப்பு பேன்ட் போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போனா, 'என்னடா, பஞ்சு மில்லுல பார்ட் டைமா?'ன்னு கேக்கறாங்க.

சாதுவான ஜாதி. பீரோ மேல தாவாது, பாத்திரத்தை உருட்டாது. ஆனா முடி இருக்கே... நாலு அங்குலம் வரைக்கும் வளரும். தினமும் உலோகச் சீப்பால வாரியே ஆகணும். ரெண்டு நாள் விட்டா காதுக்குப் பின்னாடி, கை இடுக்கு, பின்னங்கால்னு சிக்கு விழுந்துடும். சிக்கோட குளிப்பாட்டினா அது இன்னும் இறுகும். கத்தரிக்கோலை எடுத்தீங்கன்னா அதைவிட ஆபத்து. பூனைத் தோல் ரொம்ப மெல்லிசு. விரலால பிரிச்சு, பிரிச்சு வாரணும். பாட்டி மட்டும், 'இதுக்குத் தயிர்சாதம் போதாதா?'ன்னு இன்னமும் கேக்கறாங்க. போதாது பாட்டி! இறைச்சியில இருக்கற டாரின் கிடைக்கலைன்னா பூனைக்குக் கண்ணும் இதயமும் கெட்டுப் போகும்.

இதெல்லாம்கூட பரவாயில்லை. மூஞ்சிதான் பிரச்னை. இந்த ஊர் வியாபாரத்துல 'டால் ஃபேஸ்', 'பஞ்ச் ஃபேஸ்'னு ரெண்டு ரகம் சொல்வாங்க. முதல் ரகத்துக்கு மூக்கு கொஞ்சமாவது வெளியே தெரியும். ரெண்டாவது, குத்து வாங்கின மாதிரி சப்பை. விலை இதுக்குத்தான் அதிகம். நம்ம ஜமீனும் இந்த ரகம்தான்.

1871-ல லண்டன் கிறிஸ்டல் பேலஸ்ல பூனைக் கண்காட்சி நடந்தப்ப பெர்சியனுக்கு ஒழுங்கான மூக்கு இருந்துச்சு. சப்பையாக்கினது அப்புறம் வந்த மனுஷங்க ரசனை. அதுக்கு விலை குடுக்கறது பூனை. முகம் சுருங்கினதால கண்ணீர் போற குழாய் வளைஞ்சு, தண்ணி கன்னத்துல வழிஞ்சு காபி கலர்ல கறையாகுது. காலையில வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைக்கிறது என் டியூட்டி. மூக்குத் துவாரமும் குறுகல். மே மாசம் மத்தியானம் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினா எனக்குப் பகீர்னு இருக்கும். நாய் அப்படிச் செஞ்சா சாதாரணம், பூனை செஞ்சா டாக்டர்கிட்ட ஓடணும்.

நண்பன் ஒருத்தன் ஆறு மாசமா பார்ட் டைம் காசு சேர்த்து, 'பஞ்ச் ஃபேஸ்தான் வாங்குவேன்'னு நின்னான். ரெண்டு விஷயம் மட்டும் சொல்லி அனுப்பினேன். ஒண்ணு, குட்டி தூங்கும்போது மூச்சுச் சத்தத்தைக் கேளு. ரெண்டு, அப்பா-அம்மா பூனைக்கு பி.கே.டி. டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளு. சிறுநீரகத்துல நீர்க்கட்டிகளா வளர்ற பரம்பரை நோய் அது. பெர்சியன்ல அதிகம். 2004-லயே காரணமான மரபணுவைக் கண்டுபிடிச்சுட்டாங்க. பெத்ததுல ஒண்ணுக்கு இருந்தாலே குட்டிக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கடையிலேருந்து போன் பண்ணான்.

"மச்சி, குட்டி தூங்குதுடா. கொறட்டை விடுது, செம க்யூட்!"

"போனை அது பக்கத்துல வை."

கொர்... கொர்...

"அது கொறட்டை இல்லடா, மூச்சுக்குக் கஷ்டப்படுது. டெஸ்ட் கேட்டியா?"

"கேட்டேன். கடைக்காரர் சிரிக்கிறாரு. பக்கத்துக் கூண்டுல மூக்கு வெச்ச குட்டி ஒண்ணு இருக்கு. அதையும் கேக்க வைக்கவா?"